லேஸ் இல்லாத பூட்ஸ்

விடிந்தும் விடியாத நேரத்தில் குதிரைகளுக்குச் சேணம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேர். கறிக்காக மாடு வளர்க்கும் இந்தப் பண்ணையில் நாற்பதாயிரம் மாடுகள் தின்று கொழுக்கின்றன. நோய்கண்ட மாட்டைக் குதிரைமேல் இருந்தே கண்டுபிடித்துப் பிரிப்பது இந்த ஐந்து பேரின் வேலை. காது தொங்குகிறதா, வயிறு ஒட்டியிருக்கிறதா, எழுந்து நிற்கச் சுணங்குகிறதா என்று டெல்ஃபினா உர்க்கிடி ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். பதினாறு வருஷமாக அதே வேலை.

அன்றைக்கு அவள் சேணக் கொட்டகையில் பெஞ்சின்மேல் உட்கார்ந்து, கம்பெனி கொடுத்த பூட்ஸின் லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பருமனான ரப்பர் அடி, முன்னால் இரும்பு, கணுக்காலுக்கு மேலேவரை இறுக்கிக் கட்டும் லேஸ். தீவன ஆலையில் ஒருவன் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தான். அதற்காக, குதிரைமேல் போகிறவர்கள் உட்பட எல்லோரும் இதைத்தான் போட வேண்டும் என்று போன மாதம் உத்தரவு வந்தது. வாசல் கேட்டில் காலைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். டெல்ஃபினா அதைப் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டுவாள், கொட்டகைக்கு வந்ததும் கழற்றி மூலையில் எறிவாள்.

பிறகு தன்னுடையதை எடுப்பாள். அதை எடுக்கும்போது அவள் முகமே மாறிவிடும். முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை உயரும் பழுப்புத் தோல், காலைச் சுற்றி நிற்கும் குழலில் பச்சை நூலால் கொடித் தையல். அமரில்லோ நகரத்தில் ஒரு கடையில் வாங்கியது. காலையில் போனால் கால் சுருங்கியிருக்கும் என்று, நாளெல்லாம் குதிரைமேல் இருந்துவிட்டு, வீங்கிய காலோடு, வேலைக்குப் போடும் அதே காலுறையோடு சாயங்காலம் போனாள். ஒன்பது ஜோடி போட்டுக் கழற்றினாள். பாதத்தின் மேற்பக்கம் கவ்விப் பிடிக்க வேண்டும், விரல்கள் அசைய வேண்டும், நடக்கையில் குதிகால் கொஞ்சமே கொஞ்சம் மேலே எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் அது சின்ன பூட்ஸ். அடியைப் புரட்டி உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். வழவழப்பான தோல். அதுதான் முக்கியம். விழும்போது கால், சேணத்தில் தொங்கும் மிதிவளையமான அங்கவடியிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிட வேண்டும். பூட்ஸே அங்கவடியில் மாட்டிக்கொண்டாலும், லேஸ் இல்லாததால் கால் உருவிக்கொண்டு வந்துவிடும். குதிரையோடு ஓடுவது வெறும் பூட்ஸ்தான், ஆள் இல்லை. எங்கள் பக்கத்துச் சவாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. உத்தரவு போட்டவர்கள் குதிரை ஏறுகிறவர்கள் இல்லை.

"போட்டுக்க பெருசு," என்றாள் டெல்ஃபினா. "உன் பழசத்தான் வண்டியில வச்சிருக்கியே."

வேட் ஸ்டப்பிள்ஃபீல்ட் ரப்பர் பூட்ஸோடு சேணத்தின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். அறுபத்தொரு வயது. எப்போதும் ஏதாவது கிண்டல் சொல்லிக்கொண்டே இருக்கும் மனுஷன், அன்றைக்கு அவள் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"என் பொஞ்சாதி கோனிக்கு வாரத்துக்கு மூணு தடவ ரத்தம் சுத்தம் பண்ணணும். இந்த வேலையோட இன்ஷூரன்ஸுலதான் அது ஓடுது. ஒரே ஒரு தடவ விதிய மீறினேன்னு என் பேர எழுதிட்டாங்கன்னா என்னாகும்? நீ ஒண்டிக்கட்ட, நீ ஆடு தாயி."

இதையெல்லாம் உத்தரவு வந்த அன்றைக்கே அவள் மேனேஜர் கார்வினிடம் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா என்று சிரித்துக்கொண்டே, உத்தரவுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதத்தை நீட்டினார்.

முந்தின நாள் ஆலங்கட்டியும் மழையும் கலந்து அடித்திருந்தது. நாற்பத்திரண்டாம் பட்டியில், தீவனத் தொட்டியை ஒட்டிய சிமெண்ட் தளத்தில் கண்ணுக்குத் தெரியாமல் பனி உறைந்திருந்தது. வேட்டின் செவலைக் குதிரை அதில் பின்னங்கால் இரண்டும் சறுக்கி ஒருக்களித்து விழுந்து, உடனே எழுந்தது. வேட் இடதுபக்கமாகத் தரையில் கிடந்தார். கால் மட்டும் மேலே, அங்கவடிக்குள். ரப்பர் அடியின் பற்கள் அங்கவடியின் கட்டையைக் கவ்விக்கொண்டன. வயிற்றுப் பக்கம் ஆள் தொங்கவும் செவலை மிரண்டு ஓடியது.

பக்கத்துப் பட்டியிலிருந்து டெல்ஃபினா பார்த்தாள். குதிரையில் இருந்தபடியே கேட்டின் கொண்டியைத் தட்டிவிட்டு உள்ளே பாய்ந்தாள். மாடுகள் இரண்டு பக்கமும் சிதறின. பின்னாலேயே துரத்தினால் செவலை இன்னும் வேகமாக ஓடும். அதனால் குறுக்கே போய் மூலையில் மடக்கி, குனிந்து கடிவாளத்தைப் பிடித்து, அப்படியே குதித்து இறங்கினாள். அப்பேர்ப்பட்ட சவாரியை அந்தப் பட்டியில் யாரும் பார்த்ததில்லை என்று மற்ற மூன்று பேரும் இன்றைக்கும் சொல்கிறார்கள். வேட்டின் பூட்ஸ் அங்கவடியை விட்டு வரவில்லை. காலும் வரவில்லை. பைக்கத்தியை எடுத்து லேஸை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக அறுத்து, காலை உருவி எடுத்தாள். வேட் கத்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகு அவள் குழாயடியில் நின்று தன் பூட்ஸைக் கழுவினாள். மாட்டு மூத்திரம் நூலைத் தின்றுவிடும், காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். தையலுக்குள் இருந்த சாணியைத் தூரிகையால் தள்ளினாள், துணியால் ஒற்றினாள், உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, ஹீட்டரிலிருந்து தள்ளி வைத்தாள். பக்கத்தில் வைத்தால் தோல் வெடிக்கும். பிறகுதான் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் கார்வின் கூப்பிட்டார். வேட்டின் இடுப்பெலும்பும் முழங்காலும் போய்விட்டன, இனிமேல் குதிரை ஏற முடியாது என்று அவரே வருத்தமாகச் சொன்னார். விபத்து அறிக்கை மேஜைமேல் இருந்தது. 'விதிப்படியான காலணி அணிந்திருந்தாரா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று குறித்திருந்தது. மாடு திருட்டுக்காக வைத்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. படத்தை அவள் பக்கம் திருப்பினார். சேற்றில் மண்டியிட்டு அவள் லேஸை அறுக்கிறாள். பச்சைக் கொடித் தையல் பளிச்சென்று தெரிந்தது.

"நீ செஞ்சது பெரிய காரியம்மா. நான் இல்லேன்னு சொல்லல," என்றார். "ஆனா இந்தப் படம் மேல வரைக்கும் போயிருச்சு. உன் கால்ல இருக்கறது என்னன்னு கேக்குறாங்க."

"இது கால்ல இருந்ததாலதான் நான் குதிச்சு இறங்க முடிஞ்சுது சார்."

"அத எழுதறதுக்கு இதுல கட்டம் இல்ல."

வேலை போய்விட்டதால், சனிக்கிழமை அவள் தன் சேணத்தை எடுக்க வந்தாள். கேட்டில் யாரும் அவள் காலைப் பார்க்கவில்லை. கொட்டகைப் பெஞ்சில் ஒரு புது ஆள், நாற்பது வயது இருக்கும், கம்பெனி பூட்ஸைப் போட்டுக்கொண்டிருந்தான். நியூ மெக்ஸிகோ பக்கமாம், பேர் ராய்ஸ். துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த பூட்ஸ், ஒரு கீறல் இல்லை. லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்குத் தோலில் மட்டும், மேலிருந்து கீழே, நேராக ஒரு கத்தி வெட்டு. லேஸ் புதுசு, மஞ்சள் நிறம்.

அவள் கையில் இருந்த சேணத்தைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, அங்கவடியில மாட்டுச்சுன்னா அது வராது."

"தெரியும்மா." அவன் நிமிர்ந்து அவள் காலைப் பார்த்தான், கொடித் தையலைக் கொஞ்ச நேரம் ஆசையாகப் பார்த்தான். "நல்லா வச்சிருக்க. என்னுதும் இப்படித்தான் இருக்கும், வண்டியில கெடக்கு."

கேட்டுக்காரன் கொட்டகை வாசலில் வந்து நின்றான். ராய்ஸ் குனிந்து லேஸை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டான். கேட்டுக்காரன் இன்னும் பார்த்துக்கொண்டே நிற்கவும், அதன்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினான்.