வில்ஃப் அவித்த புட்டிங்

சனிக்கிழமை மத்தியானம் மகன் வந்து சேரும்போது தான் வீட்டில் இருக்கக் கூடாது என்று வில்ஃப் ஆக்ராய்டு முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தார். பின்கதவைப் பூட்டாமல் விட்டுவிட்டுக் கிளப்புக்குப் போவது. நன்றாக இருட்டும்வரை டொமினோ ஆடுவது. திரும்பி வருவதற்குள் பையன் மாடியறைக்குப் போய்ப் படுத்திருப்பான். மற்றதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

காலையிலேயே ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி நோரா ஃபோனில் கூப்பிட்டாள். இடுப்பு ஆபரேஷன் முடிந்து படுக்கையில் கிடந்தாலும் குரலில் ஒரு குறையும் இல்லை.

"வில்ஃப், கேட்டுக்கோ. கீத்துக்கு சிரப் புட்டிங் செஞ்சு வை."

"நானா?"

"பின்ன, பக்கத்து வீட்டுப் பூனையா?"

"கடையில டின்ல விக்கிறான் நோரா. ஒண்ணு வாங்கி வெந்நீர்ல போட்டா..."

"ரெண்டு வருஷமா ஜெயில்ல அவன் தின்னதெல்லாம் டின்லேந்து வந்ததுதான். வீட்டுக்கு வந்தும் டின்னா? மேல் அலமாரியில பீங்கான் கிண்ணம் இருக்கு. வெண்ணெய், சர்க்கரை, மாவு மூணையும் முட்டை எடைக்கு எடை எடுத்துக்கோ. கிண்ணத்து அடியில சிரப்பைத் தாராளமா ஊத்து. கஞ்சத்தனம் பண்ணாதே."

"அவ்வளவுதானா?"

"அடுப்புல ஏத்தினப்புறம் வீட்டை விட்டு நகரக் கூடாது. ரெண்டு மணி நேரம் வேகணும். தண்ணி வத்துச்சுன்னா பாத்திரம், கிண்ணம், புட்டிங் எல்லாம் போச்சு. வத்த வத்த வெந்நீர் ஊத்து. பச்சைத் தண்ணி ஊத்திறாதே."

"நான் கிளப்புக்கு..."

"ஃபோனுக்கு வரிசையில நிக்கிறாங்க," என்று வைத்துவிட்டாள்.

வில்ஃப், ஹாலிஃபாக்ஸ் ஊர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். எஞ்சினைப் பிரித்துக் கோர்த்த கைக்கு வெண்ணெயையும் சர்க்கரையையும் அடித்துக் குழைப்பது பெரிய காரியமில்லை என்றுதான் நினைத்தார். கொஞ்ச நேரத்திலேயே தோள்பட்டை கடுத்தது. முட்டையை உடைத்து ஊற்றியதும் குழைத்தது முழுக்கத் திரிந்துபோய்ப் பார்க்கச் சகிக்கவில்லை. மாவைக் கொட்டிக் கிண்டினார். ஒருவழியாகச் சேர்ந்து வந்தது. கிண்ணத்தின் உள்ளே, பேரிங்குக்குக் கிரீஸ் தடவுவது போல வெண்ணெய் தடவினார். சிரப் டின்னின் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்து சாய்த்தார். பாகு அவசரமே இல்லாமல் பொன்னிறக் கயிறாக இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில், ஊற்ற வேண்டியதற்கு மேலேயே ஊற்றிவிட்டார்.

சிக்கல் கடைசியில்தான் வந்தது. கிண்ணத்தின் வாயை எண்ணெய்க் காகிதத்தால் மூடி, புட்டிங் உப்புவதற்கு இடம்விட்டு நடுவில் ஒரு மடிப்பு வைத்து, விளிம்பைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். முதல் முடிச்சைப் போட்டு இரண்டாவது முடிச்சுக்குப் போவதற்குள் நூல் தளர்ந்துவிடும். நோரா கட்டும்போதெல்லாம் அவரைக் கூப்பிட்டு விரலை வைக்கச் சொல்வாள். இப்போது விரல் வைக்க ஆள் இல்லை. பல்லால் கடித்துப் பார்த்தார். முழங்கையால் அழுத்தப் போய்க் காகிதம் நழுவியது. ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு மூன்றாவது முறையாக நூலைச் சுற்றிக்கொண்டிருந்தபோது பின்கதவு திறந்தது.

கீத் ஒரு துணிப்பையோடு நின்றான். இளைத்திருந்தான். இருபத்தைந்து வயதுக்கு நெற்றிமுடி அதிகமாகவே ஏறியிருந்தது. காலையிலேயே விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

சொல்வதற்காக இருவரும் எதையாவது யோசித்து வைத்திருந்திருப்பார்கள். ஆனால் வில்ஃபின் இரண்டு கையிலும் நூல் இருந்தது.

"விரலை வை," என்றார்.

கீத் பையைக் கீழே போட்டுவிட்டு வந்தான். "இங்கயா?"

"அங்கதான். நல்லா அழுத்து."

நகங்கள் சதைவரைக்கும் கடித்துத் தின்னப்பட்டிருந்தன. வில்ஃப் முடிச்சை அவன் விரல்மேலேயே இறக்கி, "எடு," என்று சொல்லிச் சுண்டி இழுத்தார். கட்டு நின்றது.

பாத்திரத்தின் அடியில் ஒரு சாசரைக் கவிழ்த்து, அதன்மேல் கிண்ணத்தை வைத்து, பாதி உயரத்துக்குக் கொதிநீர் ஊற்றி மூடினார்கள். சாசர் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. இந்தச் சத்தம் இருக்கும்வரை இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தபோதுதான் வில்ஃபுக்கு விளங்கியது. அடி கள்ளி! படுத்த இடத்திலிருந்தே என்னை அடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டாளே!

மேசைக்கு இந்தப்புறம் ஒருவர், அந்தப்புறம் ஒருவர். டீ குடித்தார்கள். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படர்ந்தது.

"அம்மாவுக்கு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கா. வாய் இன்னும் நல்லா இருக்கு."

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மழைநாளில், நன்றாகக் குடித்துவிட்டு நண்பனின் காரை ஓட்டிவந்த கீத், தெருவைக் கடந்துகொண்டிருந்த ஆர்னால்டு ஹெலிவெல்லை அடித்துத் தூக்கியெறிந்தான். ஆர்னால்டு வேறு யாருமில்லை. முப்பது வருஷம் வில்ஃபோடு ஒரே டிப்போவில் பஸ்ஸுக்கடியில் படுத்து வேலை பார்த்தவர். கால் இரண்டு இடத்தில் முறிந்தது; கைத்தடி இல்லாமல் இனி நடக்க முடியாது என்றாகிவிட்டது. வில்ஃப் கோர்ட்டுக்குப் போகவில்லை. ஜெயிலுக்கும் போகவில்லை. மாதாமாதம் நோரா மட்டும் இரண்டு பஸ் மாறிப் போய்வந்தாள். அவள் திரும்பி வந்ததும் "பஸ் நேரத்துக்கு வந்துச்சா?" என்று மட்டும் கேட்பார்.

கீத் கடிகாரத்தைப் பார்த்தான். "சனிக்கிழமை கிளப்புக்குப் போவீங்களே."

"ஆமா."

"போறதுன்னா போங்கப்பா. தண்ணிதானே ஊத்தணும்? நான் பாத்துக்கறேன்."

நோரா போட்ட முடிச்சைப் பையனே அவிழ்த்துவிட்டான். வில்ஃப் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். வாசலில் ஒரு கணம் நின்றார். "பச்சைத் தண்ணி ஊத்தாதே," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கிளப்பில் ஜன்னலோர மேசையில் ஆர்னால்டு உட்கார்ந்திருந்தார். கைத்தடி நாற்காலி முதுகில் தொங்கியது.

"வந்துட்டானா?"

"வந்துட்டான்."

"நீ இங்க என்னடா பண்ற?"

"அடுப்புல புட்டிங் வேகுது. அவன் பாத்துக்கறான்."

"யாரு செஞ்சது?"

"நான்தான்."

ஆர்னால்டு சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். "நீயா! முன்னாடியே தெரிஞ்சிருந்தா தீயணைப்பு வண்டிக்குச் சொல்லி வெச்சிருப்பேனே!"

வில்ஃப் சிரிக்கவில்லை. டொமினோக் காய்களைக் கவிழ்த்துக் கலைத்தார். "நான் ஒரு தடவைகூட அவனைப் பாக்கப் போகல, ஆர்னால்டு."

"ஊருக்கே தெரியும்."

"உன் முகத்துக்காகத்தான்."

ஆர்னால்டு கையிலிருந்த காயைக் கீழே வைத்தார். "என் முகத்துக்கா? நான் கேட்டனா?"

"நீ கேக்கல. ஆனா..."

"கால் என்னோடது. வலி என்னோடது. கோவமும் என்னோடதுதான்டா. அதை எதுக்கு நீ தூக்கிட்டுப் போய் உன் வீட்டுல வெச்சு வளக்கற? நான் அவனை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. மன்னிக்கல. எதிர்ல வந்தா அந்தப்பக்கம் போயிருவேன். அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. நீ அவனுக்கு அப்பன். மழையிலயும் பனியிலயும் நோரா தனியா பஸ்ஸுக்கு நிக்கிறதை எத்தனை தடவை பாத்திருக்கேன்! என் பேரைச் சொல்லித்தான் நீ வீட்டுல உக்காந்திருந்தேன்னு இன்னைக்குத்தான் தெரியுது. சௌகரியமா இருந்துச்சா?"

வில்ஃப் காய்களைப் பார்த்தார். சௌகரியமாகத்தான் இருந்தது. அதுதான் உண்மை.

"போ," என்றார் ஆர்னால்டு, காய்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே. "தீஞ்சுடப் போகுது."

மேட்டுத் தெருவில் வில்ஃப் மூச்சிரைக்க நடந்தார். பின்கதவைத் திறந்ததும் அவருக்கு உறைத்தது அந்த அமைதிதான். சாசர் ஆடும் சத்தம் இல்லை. கீத் மேசையில் தலையைக் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கெட்டில் அவன் கைக்கருகில் இருந்தது. ஒருமுறையாவது ஊற்றியிருக்கிறான் என்பதை அடுப்பைச் சுற்றிச் சிந்தியிருந்த தண்ணீர் சொன்னது. வில்ஃப் மூடியைத் தூக்கினார். அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சம் தண்ணீர் சீறிக்கொண்டிருந்தது. அடுப்பைத் தணித்துவிட்டு, கெட்டில் கொதிக்கும்வரை காத்திருந்து, ஓரமாகப் பார்த்து ஊற்றினார். தீயைக் கூட்டியதும் சாசர் மறுபடி ஆடத் தொடங்கியது.

கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தார். உள்ளே இருந்த இரண்டு வருஷத்தில் இவன் ஒருநாளாவது இப்படி அசந்து தூங்கியிருப்பானா என்று தோன்றியது. நோராவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவர் கேட்டதெல்லாம் பஸ்ஸைப் பற்றித்தான்.

கீத் திடுக்கிட்டு எழுந்தான். "ஐயோ, தண்ணி!"

"ஊத்திட்டேன். நீ தூங்கு."

அதன்பிறகு அவன் தூங்கவில்லை. கஸ்டர்டு காய்ச்சினான். அதில் கட்டி தட்டியது. புட்டிங்கைத் தட்டில் கவிழ்த்தபோது ஒருபக்கம் சரிந்து நின்றது. அளவுக்கு மீறி ஊற்றிய பாகு நாலாபக்கமும் வழிந்து தட்டையும் தாண்டியது. இருவரும் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள்.

"எப்படி இருக்கு?"

கீத் மெதுவாக மென்றான். "அம்மா செய்யற மாதிரி இல்ல."

"தெரியும்."

"கொஞ்சம் கனமா இருக்கு."

"பஸ் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கலாம்."

கீத் சிரித்துவிட்டான். சிரிப்பு அடங்கியதும் கரண்டியை வைத்தான். "ஆர்னால்டு மாமா எப்படி இருக்காரு?"

"நொண்டறான். குளிர்காலத்துல வலி தாங்கலேங்கறான். உன்னைப் பாக்க விரும்பல. எதிர்ல பட்டா ஒதுங்கிக்கோ. அவனா பேசினா பேசு."

"சரி."

வில்ஃப் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவனுக்காகத்தான் உன்னைப் பாக்க வரலன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். அது இல்ல. உன்னை அங்க வெச்சுப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

கீத் வழிந்திருந்த பாகைக் கரண்டியால் வழித்தான். "அம்மா உள்ள வந்தப்புறம், பின்னாடி நீங்களும் வர்றீங்களான்னு கதவைப் பாப்பேன். ஒரு ஆறு மாசம் பாத்திருப்பேன். அப்புறம் விட்டுட்டேன்."

வில்ஃப் இன்னொரு துண்டு வெட்டி அவன் தட்டில் வைத்தார். அவன் வேண்டாமென்று சொல்லவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரத்துக்குக் கிளம்பினார்கள். வில்ஃப் எப்போதும் பஸ்ஸின் மேல்தட்டில் போய்த் தனியாக உட்காருபவர். கீழ்த்தட்டில் கடைக்குப் போய்த் திரும்பும் அந்தத் தெருப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். கீத்தைக் கண்டதும் பேச்சு நின்றது. அவன் படிக்கட்டுப் பக்கம் திரும்பினான். "மேல போயிருவோமாப்பா?"

"எனக்கு முட்டி வலிக்குது. கீழேயே உக்காரு," என்றார் வில்ஃப். அவர் முட்டிக்கு ஒன்றும் இல்லை.

எதிர் இருக்கையில் மூலைவீட்டு மிசஸ் க்ரப்ட்ரீ மடியில் பையை வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வில்ஃப் தொப்பியைக் கழற்றினார்.

"என் பையன். இன்னைக்குத்தான் வந்தான்," என்றார், பின்வரிசைக்கும் கேட்கும்படி.

அவள் ஜன்னலைப் பார்த்தாள், கீத்தைப் பார்த்தாள்.

"ம்... வெளியில குளிர் ஜாஸ்திதான், இல்லப்பா?" என்றாள் அவனிடம்.

"ஆமாங்க," என்றான் கீத். "ரொம்ப ஜாஸ்தி."

பஸ் கிளம்பியது.