கலந்தாச்சா?

பாதி அறுத்த மரத்தில் எங்கள் ரம்ப மெஷின் நின்றுவிட்டது. அதுவும் எந்த மரம்? புயலில் வேர் பெயர்ந்து, தையல்காரம்மாவின் கூரைமேல் சாயப் பார்க்கிற மரம். அதை ஒரு கயிறு கட்டித்தான் இழுத்து நிறுத்தியிருந்தோம். வாசலைக் கிளைகள் அடைத்துக் கிடந்ததால், அவர் பிழைப்பான தையல் மெஷின்கள் உள்ளேயே இருந்தன. காற்று மறுபடி கிளம்பியிருந்தது.

"அக்கா, ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பாக்கச் சொல்லு" என்றான் மச்சினன், என் பக்கத்திலேயே நின்றுகொண்டு. என் மனைவி என்னிடம் திரும்பி, "பிளக்கைக் கழட்டணுமாம்" என்றாள். தொலைந்த ஒரு ஸ்பேனரை வைத்துத் தொடங்கிய சண்டை இது. எங்கள் பேச்செல்லாம் அவள் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கேட்டுக் கேட்டு எனக்குத் தலை வெடித்தது.

பிளக் எண்ணெயில் குளித்திருந்தது. சைலன்சரைத் திறந்தேன், புகை போகிற வலையில் கரி அப்பிக் கிடந்தது. போன வாரம்தான் சுரண்டிக் கழுவினேன்! காலையிலிருந்து புகை கக்கியதற்குக் கார்புரேட்டர் திருகைத்தான் குற்றம் சொல்லி, முன்னும் பின்னும் திருகிக்கொண்டிருந்தேன்.

"பெட்ரோல்ல எண்ணெய் எவ்வளவு ஊத்துனான்னு கேளு" என்றேன். பெட்ரோலோடு எண்ணெயை அளவாகக் கலந்து ஊற்ற வேண்டிய மெஷின் இது; எண்ணெய் கூடினால் இப்படித்தான் கரி அடைக்கும்.

"லிட்டருக்கு ஒரு மூடி. எப்பவும் போலத்தான்" என்றான் அவன்.

நான் பெட்ரோல் கேனைத் தூக்கிப் பார்த்தேன். "நானும்தானே ஊத்துனேன்!"

மனைவி முந்தானையைத் திருகினாள். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்ல. யாருமே ஊத்தியிருக்க மாட்டீங்கன்னு நானும் ஊத்திட்டேன்."

"உன்னை யாரு ஊத்தச் சொன்னது?" என்று நான் கத்தினேன். "அக்காவைத் திட்டாதீங்கன்னு சொல்லு" என்று அவன் அவளிடமே கத்தினான். இரண்டு பேரையும் பார்த்து அவள் கத்தினாள். அந்தச் சத்தத்தில் கயிறு முறுகியது எங்கள் காதில் விழவில்லை. கயிறு அறுந்து, மரம் கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்கியது.

தூசி அடங்கியதும், தெருவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தையல்காரம்மா மெதுவாக வந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"கலந்தாச்சான்னு ஒரு வார்த்தை கேக்க எவ்வளவு நேரம்பா ஆகும்?"

எனக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை. மச்சினன்தான் கேனை எடுத்து, நேராக என்னிடமே சொன்னான்.

"மாமா, இதைக் கொட்டிட்டுப் புதுசா கலக்குறேன். எண்ணெய் நானே ஊத்துறேன், நீங்க ஊத்தாதீங்க."

பாவி, இதைக் காலையிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?