உப்புச்சாமி கரைந்த நாள்

உப்பளத்தார் ஊரில் மழை என்ற சொல்லையே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர்கள் கும்பிடும் சாமி உப்புப் பாறையில் செதுக்கியது. கூரையில்லாத கோயிலில் வெயிலில் நிற்கும். ஆற்றுக்காரர்களோ மழையை அழைக்கத் தெரிந்தவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஏழாம் பொருத்தம்.

அப்படியிருந்தும் ஆற்றுக்காரி ஒருத்தி அந்த ஊர்ப் பூசாரியைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பிள்ளை பிறந்ததும் பார்த்துவிட்டுப் போக அக்கா வந்தாள். மழை அழைப்பதுதான் அக்காவின் தொழில்.

"எதையாவது முணுமுணுத்து வச்சிராதக்கா. ஊரே கண்ணுல எண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்குது" என்றாள் தங்கை.

மறுநாள் மத்தியானம் சாக்குக் கிடங்கில் தீப்பிடித்தது. அடித்த காற்றில் தீ பக்கத்து நெசவுக்கூடத்தின் வாசலையும் அடைத்துக்கொண்டது. பெண்களும் தொட்டில் பிள்ளைகளும் உள்ளே. வாளி வாளியாக ஊற்றிய உப்புப் பாத்தித் தண்ணீர் எந்த மூலைக்கும் போதவில்லை.

அக்கா பூசாரியிடம் ஓடினாள். "மாப்பிள்ளை, கூப்பிடட்டுமா?"

அவர் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார். "சாமி கரைஞ்சிடும்."

"தெரியும். அதான் கேக்குறேன்."

உள்ளே ஒரு குழந்தை வீரிட்டது.

"கூப்பிடுங்க" என்றார் பூசாரி.

அவள் மண்ணில் உள்ளங்கைகளை ஊன்றி, அடித்தொண்டையில் ஒரே ஒரு சொல்லை நீட்டி இழுத்தாள். வானம் இருண்டு கொட்டித் தீர்த்தது. பெண்கள் பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு இருமியபடி வெளியே வந்தார்கள். உயிர்ச்சேதம் எதுவுமில்லை. கோயிலில் சாமியின் முகம் வழிந்து, தோள் வழிந்து, கடைசியில் பீடம் மட்டும் மிஞ்சியது.

மழையை அழைத்தவளுக்குச் சில நாள் காது கேட்காது. ஊர்ப் பெரியவர்கள் வந்து கத்தியபோது அசையும் வாய்களைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள்.

பூசாரி குறுக்கே வந்தார். "கூப்பிடச் சொன்னது நான். திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க."

"பொண்டாட்டி வீட்டுக்கு வக்காலத்தா?" என்று ஒருவர் அவர் கையிலிருந்து கோயில் சாவியைப் பிடுங்கினார். அக்கா விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும் என்று முடிவானது.

காலையில் ஊர் எல்லையில் நெசவுக்காரி ஒருத்தி காத்திருந்தாள். தன் குழந்தையை அக்காவின் கையில் கொடுத்து ஏதோ சொன்னாள். அக்காவுக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து நடந்தாள்.

புதுச் சாமியைச் செதுக்கி, வேறொருவரைப் பூசாரியாக்கினார்கள். பழைய பூசாரி உப்பு வாரப் போனார். முதல் வாரத்திலேயே உள்ளங்கை வெடித்துவிட்டது. புதுச் சாமிக்கு முதல் பூசை நடந்த அன்று நெசவுக்கூடத்திலிருந்து யாரும் போகவில்லை. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.