திரும்பி வரும் தேதி

மூன்றாவது தடவையாகத் திரையில் அதே சிவப்பு எழுத்து வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கனகா, கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"திரும்பி வர்ற டிக்கெட்டு கேக்குதுண்ணே. அது இல்லாம இன்சூரன்ஸ் போட முடியாது."

"போற டிக்கெட்டுதான் இருக்குதுன்னு எத்தினி தடவ சொல்றது?" என்றான் பழமலைநாதன்.

அவனுடைய அம்மா அமிர்தம் ஸ்டூலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். ஆஸ்திரேலியாவில் மகள் வளர்மதிக்குப் பிரசவம். ஒரு வருஷ விசா வந்துவிட்டது. மருமகன் போகிற டிக்கெட்டை மட்டும் எடுத்து அனுப்பி, வருவது உங்க இஷ்டம் அத்தை என்று சொல்லிவிட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அமிர்தத்துக்குச் சர்க்கரை. போன வருஷம் காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவள். அந்த ஊரில் அப்படி ஒன்று வந்தால், அந்தச் செலவிலிருந்து வளர்மதி குடும்பம் எழுந்திருக்கவே முடியாது. இன்சூரன்ஸ் இல்லாமல் பிளேன் ஏற மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள். காலையிலிருந்து இதே பாடு. கம்பெனிக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அலையவிட்டு, கடைசியில் பேசிய பெண்ணும் கனகா சொன்னதையே சொன்னாள். பழமலைநாதன் செராமிக் யூனிட்டில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தது வீண்.

"ஏதோ ஒரு தேதிக்கு வர்ற டிக்கெட்டையும் எடுத்துடேன்டா. பெறகு மாத்திக்கலாமாம்."

"எதுக்கும்மா அவசரம்? பேரப்புள்ளையோட இருந்துட்டு வா."

"இருந்துட்டு எப்ப வர்றது?"

அவன் கனகா பக்கம் திரும்பினான். "வேற பாலிசி இல்லியா?"

"ஒரு வழி டிக்கெட்டுக்கும் ஒண்ணு இருக்குதுண்ணே. பணம் ஜாஸ்தி. அங்கியே தங்கப் போறவங்க போடறது."

"அதையே போட்டுடு."

டீக்கு ரெண்டு ரூபாய் ஏற்றினால் கடை மாற்றுகிறவன். எவ்வளவு ஜாஸ்தி என்றுகூடக் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மருமகள் துர்கா டேப்பை வைத்து அமிர்தத்தின் அறையை அளந்தது அவளுக்கு நினைவு வந்தது. ரெண்டு தையல் மிஷின் வாங்கப்போறோம் அத்தை என்றாள். எங்கே போடப்போகிறீர்கள் என்று இவளும் கேட்கவில்லை.

"போடும்மா," என்றாள் அமிர்தம்.

பிரிண்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து வண்டியில் ஏறினாள். "மணவாளநல்லூருக்கு வுடு. கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டணும்."

மனக்குறையைப் பிராதாக எழுதிச் சாமி முன்னால் கட்டிவிட்டு, அது தீர்ந்ததும் மறுபடி வந்து வாபஸ் வாங்குவது அந்தக் கோயில் வழக்கம். பழமலைநாதன் வண்டியைக் கிளப்பவில்லை.

"யாரு மேல பிராது?"

"யாரு மேலயும் இல்ல. ஒந்தங்கச்சிக்கு நல்லபடியா பொறக்கணும்னுதான்."

கோயிலில் பிராது எழுதி வாங்கும்போதுதான் அவனுக்கு வாபஸ் விஷயம் உறைத்தது. "பொறந்ததும் நானே வந்து வாபஸ் வாங்கிடறேம்மா. நீ அதுக்காவ அலைய வேணாம்."

"கட்டறது நானு. நீ எப்படி வாங்குவ?"

கோயிலின் காவல் தெய்வமான முனியப்பர் முன்னால் யார் யாரோ கட்டிய காகிதங்கள் காற்றில் படபடத்தன. அமிர்தம் தன்னுடையதை நடுவில் கட்டினாள். பின்னால் அவன் போன் அடித்தது. துர்காவாகத்தான் இருக்கும். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது, அவன் எடுக்கவில்லை. அவள் நூலை இழுத்துப் பார்த்துவிட்டு, போட்ட முடிச்சின் மேலேயே இன்னொரு முடிச்சுப் போட்டாள்.