பச்சைப் பொட்டுக்கு விஷம்

பாளையம்பட்டியில் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் ஜெயக்குமாருக்கு ஞாபகசக்தி விஷயத்தில் ஆண்டவன் படியளக்கவே இல்லை. அப்படிப்பட்டவன் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? குரங்கு கையில் பூமாலைதான் என்று அவனே தன்னைச் சொல்லிச் சிரிப்பான். ஆனால் நாற்காலியை மட்டும் விடமாட்டான்.

ஞாயிறு மதியம் கடையை அடைத்துவிட்டு மாடியில் ஆட்டம். திருச்சுழியிலிருந்து பஸ் பிடித்து வரும் நண்பன் அருண்பாண்டியன் வில்லாளி; அவன் மனைவி தங்கச்செல்வி வாள்வீராங்கனை. ஆளுக்கொரு மண்பொம்மை. பகடை உருட்டிப் பூதங்களோடு மோதுவார்கள். கதை சொல்வதும், யாருக்கு விஷம் ஏறியிருக்கிறது, யார் மந்திரத் தூக்கத்தில் கிடக்கிறார் என்று சுற்றுக்குச் சுற்று நினைவில் வைத்திருப்பதும் கேம் மாஸ்டரின் பாடு. போன வாரம் தூங்கிக்கொண்டிருந்த வில்லாளியை அம்பு விடச் சொல்லிவிட்டான் ஜெயக்குமார்.

"ஏலே, இன்னொரு வாட்டி மறந்தேன்னா நாற்காலி இவளுக்குத்தான்" என்று அருண்பாண்டியன் தீர்த்துச் சொல்லிவிட்டான்.

நாற்காலி போனால் ஜெயக்குமார் யாரிடம் கதை சொல்வான்? வாரமெல்லாம் ஹேர்பின் எடுத்துக்கொடுக்கிறவன் வாய் திறந்தால் கேட்க இந்த ரெண்டு பேரை விட்டால் உலகத்தில் ஆள் கிடையாது.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். கடையில்தான் ஸ்டிக்கர் பொட்டு அட்டை அட்டையாகத் தொங்குகிறதே! விஷத்துக்குப் பச்சை, தூக்கத்துக்கு நீலம். பொம்மைமேல் ஒட்டினால் முடிந்தது கதை. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான். அவன் மூளையை வேறு யார் மெச்சப்போகிறார்கள்?

இந்த ஞாயிறு ஆட்டம் ஜோராகப் போனது. நடுவில் கரண்ட் போனது. மூன்று பேரும் வேர்த்து வழிந்துகொண்டே ஆடினார்கள். தங்கச்செல்வி பூதத்தின் கழுத்துக்கு வாளை ஓங்கிப் பகடையை எடுத்தாள்.

"இரு தங்கச்சி. ஒனக்கு வெசம் இருக்கு. இந்தச் சுத்தோட ஒன் பொம்மை சாஞ்சிரும்" என்று தடுத்தான் ஜெயக்குமார்.

"அதான் மருந்து குடிச்சாச்சேண்ணே."

"அது தூக்கத்துக்குக் குடிச்சது. வெசம் அப்படியே இருக்கு."

"அப்ப பொட்டு எங்க?"

பொம்மையில் பொட்டைக் காணோம். ஜெயக்குமார் மேஜைக்கு அடியில் தவழ்ந்து தேடினான். அருண்பாண்டியன் பாயை உதறினான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயம் சரியாக ஞாபகம் இருக்கிறது, அதற்குச் சாட்சி இல்லையே என்று ஜெயக்குமாருக்கு அழுகையே வந்துவிட்டது.

நிமிர்ந்தவன் கண்ணில் பட்டது தங்கச்செல்வியின் நெற்றி. வரும்போது வைத்திருந்த அரக்குப் பொட்டு வேர்வையில் நழுவிவிட்டது போல. வெறும் நெற்றியைத் தடவியதும் கை தானாகப் பக்கத்தில் இருந்த பொம்மையின் பொட்டை எடுத்து வைத்திருக்கிறது. அவளுக்கே தெரியவில்லை. பச்சைச் சேலைக்குப் பச்சைப் பொட்டு, பொருத்தமாக வேறு இருந்தது. பக்கத்திலேயே இருக்கும் அருண்பாண்டியனுக்கும் தெரியவில்லை. கட்டினவன் என்றைக்குப் பெண்டாட்டி முகத்தை நிமிர்ந்து பார்த்தான்?

"அந்தா இருக்கு!" என்று கத்த வாயெடுத்தான் ஜெயக்குமார். அடுத்து என்ன சொல்வது? வாழ்கிற பெண்ணிடம், புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, பொட்டை எடு என்றா? நெற்றியில் இருப்பது விஷம் என்றா? பொட்டு விற்றுச் சோறு தின்கிறவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வருமா?

"என்னலே முழிக்கிற? இருக்கா இல்லியா?"

"மறந்துட்டேன்டா. வெசம் எறங்கிருச்சு."

பூதத்தின் தலை உருண்டது. அருண்பாண்டியன் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்து மனைவிக்குப் போட்டான். ஜெயக்குமார் பொட்டு அட்டையை அவள் பக்கம் நகர்த்தினான். மூளைதான் இல்லை, கொஞ்சம் வெட்கங்கெட்டத்தனமாவது இருந்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்தான்.

தங்கச்செல்வி அவனுக்கு ஒரு மந்திரவாதிப் பொம்மையைக் கொடுத்தாள். முதல் சுற்றிலேயே பாம்பைவிட்டுக் கடிக்க வைத்தாள். அட்டையிலிருந்து ஒரு பச்சைப் பொட்டை உரித்துப் பொம்மைமேல் அழுத்தினாள்.

"இப்படி ஒட்டி வச்சா மறக்காதுல்லண்ணே?"

ஜெயக்குமார் அவள் நெற்றியைப் பார்த்தான்.

"இந்த ஜென்மத்துக்கு மறக்காது, தங்கச்சி."