இரண்டு அலுமினியப் படகுகள்

படகு வாங்கப் போறன் என்று என் மனுசன் சொன்ன அன்று, அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே சிங்குக்குள் கொட்டினேன். கடலுக்குப் பயந்து கனடாவுக்கு ஓடி வந்த குடும்பம் நாங்கள். வந்து இரண்டு வருடம் ஆகவில்லை, ஸ்காபரோவில் பதினோராம் மாடியில் இருந்துகொண்டு இவருக்குப் படகு கேட்கிறது!

“உது கடல் இல்லையப்பா, ஏரி,” என்றார் கஸ்பர். “பாஸ் எண்டு ஒரு மீன் இருக்காம். எங்கட கொடுவாவுக்குத் தம்பி மாதிரி. அதைப் பிடிக்கிறதுக்கெண்டே அலுமினியத்தில படகு செய்யிறாங்களாம்.”

“சோறு காய்ச்சிற அலுமினியத்திலயோ? நல்லாயிருக்கு. ஏரியோ கடலோ, எந்தத் தண்ணிக்கையும் ஆள் தாழும்.”

அவர் போய் யன்னல் சீலையைச் சரிசெய்தார். அந்தச் சீலையைப் பற்றியும் சொல்லவேண்டும். தெருவில் பொலிஸ் கார் சத்தம் போட்டால் இவர் அதற்குப் பின்னால்தான் நிற்பார். ஏன் என்று எனக்குத் தெரியும்.

என் அண்ணன் சீமோனும் இவரும் மன்னாரில் ஒரே படகில் தொழிலுக்குப் போனவர்கள். எண்பத்தைந்தில் ஒரு விடியற்காலை, சாம்பல் நிறக் கடற்படைப் படகு ஒன்று அவர்களை நோக்கி வந்தது. இவர் தண்ணீருக்குள் பாய்ந்தார். அண்ணன் பாயவில்லை. அடையாள அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சுட்டுவிட்டார்கள். இவர் சுழியோடிப் போய், தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கிற கண்டல் பற்றைக்குள், மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு பகல் முழுக்கக் கிடந்து, பொழுதுபட்ட பிறகுதான் கரைக்கு வந்தார். அவ்வளவு நேரமும் நான் கரையில் நின்று குளறி அழுதேன்.

அதற்குப் பிறகு எந்தத் தண்ணீருக்குள்ளும் இறங்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். இவர் மறுபடி ஒரு படகில் ஏறினால் திரும்பி வரமாட்டார் என்று எனக்குள்ளே ஒன்று சொல்லிக்கொண்டேயிருந்தது.

சண்டை பிடித்துப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில், படகு பார்க்கப் போன அன்று, நானும் வாறன் என்று காருக்குள் ஏறிவிட்டேன். நொட்டை சொல்லுவதில் என்னை வெல்ல ஆள் இல்லை. எந்தப் படகைக் காட்டினாலும் குறை சொல்லிக் கெடுத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

கார் குஞ்சித்தம்பி அண்ணையுடையது. மட்டக்களப்பு ஆள், எங்கள் கட்டடத்தில்தான் இருக்கிறார், ஒஷாவாவில் வேலை. அவரோடு வேலை செய்கிறவனின் தகப்பன், ஒஷாவாவுக்கு வடக்கே ஓர் ஏரிக்கரையில் இருக்கிற வெள்ளைக்காரக் கிழவர், இரண்டு படகு விற்கிறாராம். வைகாசி மாதம். வெயில் நல்லாய் எறித்தது, ஆனால் காற்றுப் பல்லுக்குள் கூசியது.

கிழவரின் வீட்டுத் துறையில் இரண்டும் கட்டிக் கிடந்தன. ஒன்று பூச்சு ஒன்றும் இல்லாத வெறும் அலுமினியம். அடிப்பக்கம் கூராக இருந்தது. வெயிலில் அது மினுங்கிய மினுக்கத்தில் கண்ணை மூடவேண்டியிருந்தது. மற்றது தட்டை அடி, பதிந்த விளிம்பு, முழுக்க சாணிப்பச்சைப் பூச்சு. அதற்குள் சுற்றுகிற கதிரை வேறு.

“சலூன் கதிரை,” என்றேன். “மீனுக்கு முடி வெட்டவோ?”

குஞ்சித்தம்பி அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். கிழவர் சொன்னதையெல்லாம் அவர்தான் எங்களுக்குத் தமிழில் சொன்னார். பச்சை, காற்றில்லாத நாளில் ஆழம் குறைந்த இடத்துக்கு நல்லதாம். ஆனால் அலை அடித்தால் போட்டு உதறுமாம். மினுங்கிறது அலையை வெட்டிக்கொண்டு போகுமாம். முதல் முதல் வாங்குகிற ஆளுக்கு அதுதான் புத்தியாம். ஆணி அறைந்த இடங்கள் ஒழுகுதோ என்று பார்க்க, கரையில் ஏற்றி உள்ளே தண்ணீர் நிரப்பிக் காட்டவும் தயார் என்றார்.

இவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பச்சைப் படகின் விளிம்பை விரலால் தட்டிக் காது கொடுத்தார்.

“அண்ணை, கேளுங்கோ. உந்தச் சத்தம் எவ்வளவு தூரம் கேக்கும்?”

குஞ்சித்தம்பி அண்ணை கிழவரிடம் கேட்டுச் சொன்னார்.

“தூரத்தில இருந்து பார்த்தால் தெரியுமோ? மேலயிருந்து பார்த்தால்?”

கிழவர் தாடியைச் சொறிந்தார். இவர் படகுக்குள் இறங்கி மல்லாக்கப் படுத்தார். “இப்ப ஆள் தெரியுதோ?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நித்திரை கொள்ளத்தான் பார்க்கிறார் என்று நினைத்துக் கிழவர் சிரித்தார். மாதாவே! இந்த மனுசன் மீன் பிடிக்கப் படகு தேடவில்லை. ஒளிக்கிறதுக்குத் தேடுகிறார்.

“ஓட்டிப் பாப்பம்,” என்று எழும்பினார்.

கிழவர் செம்மஞ்சள் நிற மிதவைச் சட்டை ஒன்றை நீட்டினார். நேற்று மாதிரித்தான் பனிக்கட்டி உருகியது, விழுந்தால் கொஞ்ச நேரத்தில் கை கால் மரத்துவிடும், எவ்வளவு நீந்தத் தெரிந்தாலும் சரிவராது என்றார். இவர் வாங்கவில்லை.

“மன்னார்க் கடலை நீந்தினவனுக்கு இந்தக் குளத்துக்குச் சட்டையோ?”

“மன்னார்த் தண்ணி சூடு. இது ஐஸ்பெட்டி. வாயை மூடிக்கொண்டு கையைத் தூக்குங்கோ!” நானே மாட்டினேன். முன்பக்கம் கட்டுகிற நாடாவை, வலைக்கு மிதப்புக் கட்டுகிற முடிச்சாகப் போட்டு இறுக்கினேன். ஈரம் பட்டால் அந்த முடிச்சு இன்னும் இறுகும், கத்திதான் வைக்கவேண்டும்.

கிழவரும் இவரும் பச்சைப் படகில் போனார்கள். கரையில் நின்று பார்த்தேன். கொஞ்சத் தூரம் போனதும் பச்சைப் படகு நாணற் புல்லோடு சேர்ந்துவிட்டது. எது படகு, எது புல் என்று தெரியவில்லை. நான் தண்ணீர் விளிம்புவரைக்கும் போனேன்.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் புள்ள,” என்றார் குஞ்சித்தம்பி அண்ணை. “மறுகா திரும்பி வருவாங்க, சும்மா நில்லு.”

அப்போதுதான் வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து எஞ்சின் சத்தம் கேட்டது. சாம்பல் நிறப் படகு. அதற்குள் சீருடை போட்ட இரண்டு பேர். பருவம் திறக்கமுதல் மீன் பிடிக்கிறார்களா என்று பார்க்கிற ஏரிக்காவல் ஆட்கள் என்று பிறகு அறிந்தோம். ஒருவர் புல்லுப் பக்கம் பார்த்துக் கையை உயர்த்தி, படகை நிறுத்தச் சொன்னார்.

இவர் பாய்ந்துவிட்டார்.

தண்ணீர் ஒருமுறை தெறித்தது, அவ்வளவுதான். கிழவர் கத்தினார். காவலர்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு, “சேர்! சேர்!” என்று மரியாதையாய்க் கூப்பிட்டார்கள். கூப்பிடக் கூப்பிட இவர் இன்னும் ஒளிப்பார் என்று அந்தப் பாவங்களுக்கு எப்படித் தெரியும்? இவர் ஏரிக்குள் பாயவில்லை. மன்னாருக்குள் பாய்ந்திருக்கிறார். பொழுதுபடும் மட்டும் அசையாமல் கிடப்பார். இந்தத் தண்ணீரோ அதுவரைக்கும் விடாது.

நான் கரையோடு ஓடினேன். சேறு எது, கல் எது என்று பார்க்கவில்லை. புல், புல், புல். பிறகு புல்லுக்குள் செம்மஞ்சளாக ஒரு துண்டு அசைந்தது.

அவர் நாடாவை இழுத்துக்கொண்டிருந்தார். கழற்றிவிட்டு அடியில் போகப் பார்க்கிறார்! விரல் மரத்துப்போய், முடிச்சு அவிழவில்லை. சட்டை அவரை மேலே மேலே தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. உதடு நீலம். கண் என்னைப் பார்த்தது, ஆனால் என்னை அடையாளம் தெரியவில்லை.

இறங்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்த தண்ணீருக்குள் நான் இறங்கினேன். இடுப்புவரைக்கும். குளிர் இல்லை அது, கத்தி.

“இஞ்சேருங்கோ! சுடேல்லை! சுடமாட்டினம்!”

சாம்பல் படகு மெல்லப் பக்கத்தில் வந்தது. அவர் தன் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினார். அந்த முடிச்சைப் பிடித்து நான் இழுத்தேன். என் பலம் போதவில்லை. இளம் காவலர் ஒருவர் விளிம்பில் வயிறு பதியப் படுத்து இரண்டு கையையும் நீட்டினார்.

“பாருங்கோ, கைதான் நீட்டினம்! கை! வெறுங்கை!”

அவர் அந்தக் கையைக் கடித்தார். இளம் பிள்ளை விடவில்லை.

கிழவரின் குசினிக்குள் விறகு அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளி சுற்றி இருத்தினார்கள். சட்டையைக் கத்தியால் வெட்டித்தான் எடுத்தார்கள். ஏன் பாய்ந்தார் என்று காவலர் கேட்டார். குஞ்சித்தம்பி அண்ணை தன் ஆங்கிலத்தில் சொன்னார், சீமோனையும் சொன்னார். அந்தப் பிள்ளை கடிபட்ட கையைத் தடவிக்கொண்டு, குனிந்து தன் சீருடையைப் பார்த்தான். பிறகு எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தான்.

அவர்கள் போனதும் குஞ்சித்தம்பி அண்ணை கார்த் திறப்பை எடுத்துக் கிலுக்கினார். “சரி, வெளிக்கிடுவம். இனிப் படகுக் கதையே வேணாம்.”

நான் கேட்டது அதுதானே? கிடைத்துவிட்டது. ஆனால் கம்பளிக்குள் ஒடுங்கியிருந்தவரைப் பார்க்க எனக்குச் சந்தோசம் வரவில்லை. இந்த மனுசன் கண்டலுக்குள்ளிருந்து இன்னும் வெளியே வரவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போனாலும் சீலைக்குப் பின்னால்தான் நிற்கப்போகிறார்.

“மற்றதை எடுங்கோ,” என்றேன் இவரிடம்.

“எதை?”

“உந்த மினுங்கிறதை.”

அவர் யன்னலால் பார்த்தார். பல் இன்னும் கிடுகிடுத்தது. “அது எங்க நிண்டாலும் தெரியுமப்பா. எல்லாருக்கும் தெரியும்.”

“தெரியட்டும். அண்டைக்குக் கரையில நிண்டவள் நான். நீங்கள் இருக்கிறியளோ, இல்லையோ எண்டு பொழுதுபடும் மட்டும் எனக்குத் தெரியாது. இனி எனக்குத் தெரியவேணும்.”

அவர், கனடாவுக்கு வந்த நாளிலிருந்து ஒருமுறையும் சொல்லாததைச் சொன்னார்.

“எனக்குப் பயமாக் கிடக்கு, வேரோனிக்கா.”

“எனக்கும்தான்,” என்றேன். “குஞ்சித்தம்பி அண்ணை, அந்தத் திறப்பை வைச்சிட்டுக் கிழவரிட்டைக் கேளுங்கோ, அதுக்குள்ள தண்ணி நிரப்பிக் காட்டச் சொல்லி. ஒழுகுதோ எண்டு நான் பார்க்கவேணும்.”