ஒட்டகத்துக்கு ஏழு பாட்டன்கள்

கசாக்கிஸ்தானின் அல்மாத்தியில், மந்தைகளைக் கண்காணிக்கும் மின்னணுக் கழுத்துப்பட்டைகளுக்குப் புரோகிராம் எழுதுகிற அந்தச் சின்ன அலுவலகத்தில், மர்ஜானுக்கு அன்று ஒரே கவலை. பழைய புரோகிராமைக் கைவிடக் கூட வேலை பார்க்கும் சயாத் சம்மதிப்பானா, மாட்டானா?

கல்லூரி முடித்த கையோடு இருவரும் சேர்ந்து எழுதியது அது. உயிரினம், அதன் பிள்ளை கால்நடை, அதன் வழியில் ஒட்டகம் என்று வாழையடி வாழையாக ஏழு தலைமுறை. ஏழு பாட்டன் பெயர் தெரியாதவன் கசாக்கியனே இல்லையாம். அந்தக் கொழுப்பில் ஒட்டகத்துக்கும் ஏழு பேரை வைத்து, வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அப்படிச் சிரித்து எத்தனை காலமாகிவிட்டது.

அதே வருஷம் சயாத்தின் அம்மா மர்ஜானைப் பெண் கேட்டு வந்தாள். தேநீர் ஆறுவதற்குள் இரு வீட்டுப் பெரியவர்களும் பாட்டன்களை எண்ணிப் பார்த்தார்கள். ஐந்தாவது பாட்டன் இருவருக்கும் ஒருவரே. ஏழுக்குள் ஒரே ரத்தமென்றால் கல்யாணப் பேச்சே கிடையாது. ஒட்டகத்துக்கு ஏழு வைத்த மேதாவிகளுக்குச் சொந்த வம்சத்தில் நாலுக்கு மேல் தெரிந்திருக்கவில்லை. பிறகு அவனுக்கொரு குடும்பம், இவளுக்கொரு குடும்பம். புரோகிராம் மட்டும் பிரியவில்லை.

இப்போது கலப்பு ஒட்டகம் வந்து மானத்தை வாங்கியது. இரட்டைத் திமில் சுமைக்கு, ஒற்றைத் திமில் பாலுக்கு என்று அன்றே பிரித்து வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் பிறந்த கலப்பு ஒட்டகத்தை இரட்டைத் திமில் அப்பன் பக்கம் தொங்கவிட்டதில், குடம் குடமாய்க் கறந்தாலும் திரையில் பால் பூஜ்யம்.

"ரஸ்ட் மொழியில புதுசா எழுதிட்டேன், பாரு. இதுல வம்சமே கிடையாது," என்றாள். "ஒவ்வொரு திறமைக்கும் ஒரு ட்ரெயிட்: 'பால் தரும்'னு ஒண்ணு, 'சுமை தூக்கும்'னு ஒண்ணு. எது எதைச் செய்யுமோ அதைச் சேர்த்துக்க வேண்டியதுதான்."

"என் பாட்டனுங்களைத் தெருவுல நிறுத்திட்ட."

"கறக்க விடாம குறுக்க நிக்கிறாங்களே, மகராசா."

ஓடவிட்டாள். கலப்பு ஒட்டகத்தின் பால் திரையில் வந்தது. சயாத் கையிலிருந்த பவுர்சாக் பணியாரத்தைத் தட்டில் வைத்தான்.

"இதுல அப்பன் யாருன்னு கேட்காதா?"

"கேட்காது. உன்னால என்ன முடியும்னு மட்டும்தான் கேட்கும்."

சயாத் விசைப்பலகையை இழுத்துக்கொண்டு, பழைய வம்சத்தைக் கீழிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனான். ஐந்தாவது பாட்டனில் விரல் நின்றுவிட்டது.

"இவன்தான்," என்றான் மெல்ல.

மர்ஜான் கையை நீட்டி, அந்த ஒருவனை அவளே அழித்தாள்.